சாம்பல் சட்டையும் கருநீலப் பேன்ட்டும்

பள்ளிக்கூடத்தில் வெள்ளைச் சட்டை, காக்கி டவுசர். ஐ.டி.ஐ.யில் வெளிர்நீலச் சட்டை. அதன் பிறகு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் லாரிகளுக்கு போல்ட் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்த நாளிலிருந்து மைநீலச் சட்டை, மைநீலப் பேன்ட். இன்றைக்கு என்ன உடுத்துவது என்று யோசிக்கிற வேலையை என் வாழ்நாள் முழுக்க வேறு யாரோ எனக்காகச் செய்து வைத்திருந்தார்கள். நான் கைகால்களை நுழைத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

நாற்பதைத் தாண்டிய பிறகு பதவி உயர்வு வந்தது. பிரஸ் ஷாப்பின் சத்தத்திலிருந்து தூக்கி, மாடியில் குளிர்சாதன அறையில் இருக்கும் பிளானிங் பிரிவில் உட்கார வைத்தார்கள். எந்த போல்ட் எந்த வாரம் போக வேண்டும் என்று திட்டமிடும் வேலை. உத்தரவுக் கடிதத்தைக் கொடுத்த மனிதவளப் பிரிவு மேடம் போகிற போக்கில், "இனிமே யூனிபார்ம் வேண்டாம் சார். நீட்டா எது வேணும்னாலும் போட்டுக்கலாம்" என்றார். பதவி உயர்வில் என்னைப் பயமுறுத்தியது அந்த ஒரு வாக்கியம்தான்.

ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டு பீரோவில் எனக்கென்று ஒரு தட்டு உண்டு. அன்று மாலைதான் அதை முதன்முதலாக அக்கறையோடு பார்த்தேன். கிறிஸ்துமஸ் சட்டைகள் ஒரு அடுக்கு. எங்கள் குடும்பத்தில் அண்ணன் தம்பிகள் எல்லோரும் ஒரே தானில் வெட்டிய துணியில் சட்டை தைத்துக்கொள்வது வழக்கம். சர்ச் வாசலில் எடுத்த போட்டோவில் எங்களைப் பார்க்கிறவர்கள் பேண்டு செட்டுக்காரர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அதற்கு அடியில் கல்யாணங்களில் மரியாதைக்கு வைத்துக் கொடுத்த சட்டைகள். எதையும் நான் வாங்கவில்லை. எல்லாம் எனக்கு நடந்தவை.

அவற்றில் இருப்பதிலேயே விலை உயர்ந்தது போலத் தெரிந்த மெரூன் சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் நாள் போனேன். பட்டு போலப் பளபளக்கும். பாக்கெட்டைச் சுற்றி ஜரிகை ஓடும். மாடிப்படி ஏறியதும் மேடம் என்னைப் பார்த்து முகம் மலர்ந்து, "சார், இன்னைக்கு பர்த்டேவா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னால், பிறகு ஏன் இந்தச் சட்டை என்ற கேள்வி வரும். "ஆமாங்க மேடம்" என்றேன்.

மதியம் கேக் வந்தது. மாடியில் இருந்த எல்லோரும் கை தட்டிப் பாடினார்கள். நான் மெழுகுவத்தியை ஊதி, வெட்டி, முதல் துண்டை மேலாளருக்கு ஊட்டினேன். உண்மையான பிறந்தநாள் வந்தபோது காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே படுத்திருந்தேன்.

கேக் சாப்பிட்ட அந்த வாரத்திலேயே ரயிலில் போனைத் தடவிக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ கண்ணில் பட்டது. தாடியை அழகாகத் திருத்திக்கொண்ட ஒரு இளைஞன், காலியான அறையில் நின்று பேசினான். நிறைய துணி வைத்திருப்பவன் நன்றாக உடுத்த முடியாது. கொஞ்சம் துணி போதும். ஆனால் எந்தச் சட்டையை எந்தப் பேன்ட்டோடு போட்டாலும் பொருந்த வேண்டும். வெள்ளை, சாம்பல், மணல் நிறம், கருநீலம். இந்த நான்குக்கு மேல் ஒரு ஆம்பளைக்கு எதுவும் தேவையில்லை என்றான். சூளூர்ப்பேட்டையிலிருந்து வரும் ரயிலின் நெரிசலில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டபோது எனக்கு ஞானம் பிறந்ததுபோல் இருந்தது. இதுவும் பிளானிங்தானே. இதற்குத்தானே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு பொன்னேரியில் துணி எடுத்தேன். சட்டைகளையும் பேன்ட்டுகளையும் கட்டிலில் பரப்பி, ஒன்றோடு ஒன்று மாற்றி மாற்றிச் சேர்த்துப் பார்த்தேன். எல்லாம் பொருந்தின. என் மனைவி எனக்கு முறைப்பெண். கல்யாணத்துக்கு முன்னால் கூப்பிட்டபடியே இன்றும் மாமா என்றுதான் கூப்பிடுவாள். கதவில் சாய்ந்து நின்று பார்த்தவள் கேட்டாள்:

"இன்னா மாமா, அல்லாம் தொவச்சி சாயம் போனா மாதிரி கீது?"

"அது அப்டித்தான். கிளாஸு."

"சரி. பழசெல்லாம் இன்னா பண்றது?"

"உன் தம்பிக்கு குட்த்துடு" என்றேன் பெருந்தன்மையாக. மெரூன் சட்டை முதற்கொண்டு எல்லாம் ஒரு மூட்டையாக ஆரணிக்குப் போயிற்று. மச்சான் அங்கே குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறான்.

உடுத்துவதில் பாதி வேலை பராமரிப்பு என்று அந்த இளைஞன் வேறொரு வீடியோவில் சொல்லியிருந்தான். அவன் இருக்கும் ஊரில் எங்கள் ஊர் போல அறுவடை நடக்காது என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் நெல்வயல். தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, என் மணல் நிறப் பேன்ட்டை நானே பதமாகத் துவைத்து மாடிக் கொடியில் போட்டுவிட்டுத் தூங்கினேன். அறுவடை மிஷின் அன்றைக்குத்தான் வந்தது. தூசி பறந்து வந்து கொடி முழுக்கப் படிந்திருக்கிறது. வேறு நிறமாக இருந்தால் தெரிந்திருக்கும். மணல் நிறத்தில் நெல் தூசி எப்படித் தெரியும்?

திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டு வாராந்திரக் கூட்டத்தில் உட்கார்ந்தேன். உடம்பை அரித்தெடுக்கும் நெல் சுணை என்றால் என்ன என்று கழனி வேலை செய்தவர்களுக்குத் தெரியும். என் அப்பா காலம் வரை அதில்தான் வாழ்ந்தார்கள். நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். தொடை இரண்டும் எரிந்தன. பக்கத்தில் மேடம் உட்கார்ந்திருந்ததால் சொறியவும் முடியவில்லை. மேலாளர் ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று தெரியாமலே, எழுந்து போனால் போதும் என்று, "இதோ முடிச்சிடறேன் சார்" என்று ஓடினேன். கழிப்பறையில் பேன்ட்டைக் கழற்றி உதறிக்கொண்டு நின்றேன். சரக்கு எங்கே தாமதமாகிறது என்று இரண்டு ஷிப்ட் ஆட்களையும் நானே உட்கார்ந்து விசாரித்து அறிக்கை தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

இன்னொரு தொல்லை சுருக்கம். லினன் சட்டையும் பேன்ட்டும் இஸ்திரி போட்டு மாட்டினால் வாழையிலை போல இருக்கும். ஒரு முறை உட்கார்ந்து எழுந்தால் கசக்கி எறிந்த பஸ் டிக்கெட். ஆகவே ரயிலில் உட்காருவதை விட்டுவிட்டேன். எளாவூர் தாண்டி கும்மிடிப்பூண்டி வரும் வரை, இருக்கை காலியாக இருந்தாலும் கதவோரம் விறைப்பாக நின்றுகொண்டே வருவேன். எங்கள் பெட்டியில் தினமும் ஒரு கீரைக்கார அம்மா வருவார். சில நாட்கள் என்னைக் கவனித்தவர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கூப்பிட்டார்.

"இன்னாபா, சீட்டு காலியாத்தான் கீது. வந்து குந்து."

"பரவால்லமா. நிக்கிறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். தாழ்த்திய குரலே பெட்டி முழுக்கக் கேட்டது.

"மூலமா?"

"இல்லமா, சட்டை கசங்கிடும்னு…"

"இதுல இன்னா வெக்கம்? என் ஊட்டுக்காரருக்கும் இருந்துச்சி. துத்தி எலய நெய்யில வதக்கித் துன்னு. நாளைக்கு நானே எட்துக்கினு வரேன்."

சொன்னபடி மறுநாள் ஒரு கட்டு துத்தி இலை கொண்டு வந்து என் கையில் திணித்தார். அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எனக்காக மனமார வருத்தப்பட்டார்கள். மாலையில் அதை வீட்டுக்குக் கொண்டுபோனபோது மனைவி, "இது எதுக்கு?" என்று கேட்டாள். பொரியலுக்கு என்று சொன்னேன். பொரியல் செய்தாள். நன்றாகத்தான் இருந்தது.

அந்தச் சித்திரையில் மச்சானின் பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஆரணிக்குப் போனோம். நான் வெள்ளைச் சட்டை, மணல் நிறப் பேன்ட். அந்த இளைஞன் சொன்னபடி சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்திருந்தேன். சர்ச் வாசலில் மச்சான் நின்றிருந்தான். என் மெரூன் சட்டை அவன் மேல் இருந்தது. தோளில் அளவாக உட்கார்ந்து, வெயிலில் ஜரிகை மின்ன, வந்தவர்களையெல்லாம் அணைத்துக்கொண்டிருந்தான். என் மேல் ஜவுளிக்கடை பொம்மையின் சட்டை மாதிரித் தொங்கியது, அவன் மேல் மாப்பிள்ளைச் சட்டையாகிவிட்டிருந்தது. "சட்டை எங்க எட்த்த?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவன் ஒளிவுமறைவு இல்லாமல், "மாமா போட்டு உட்டது" என்றான்.

எல்லோரும் திரும்பி மாமாவைப் பார்த்தார்கள். என் பெரியத்தை அருகில் வந்து என் கன்னத்தைத் தடவினார்.

"இன்னா நைனா, ஒடம்பு சொகமில்லையா? ஆஸ்பத்திரியிலருந்து வந்தவனாட்டம் கீற."

அன்று பிரியாணி எனக்கு இறங்கவில்லை. ஆனாலும் நான் என் திட்டத்தைக் கைவிடவில்லை. இவர்களுக்கு ரசனை போதாது என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். தொழிற்சாலைக்கு வெளியூர் வாடிக்கையாளர்கள் வரும் நாளில்தான் என் அருமை தெரியும்.

அந்த நாளும் வந்தது. ஓசூரிலிருந்து ஒரு பெரிய லாரி கம்பெனியின் கொள்முதல் அதிகாரி தன் ஆட்களோடு வருவதாக இருந்தது. அனுப்பும் திட்டத்தை விளக்கப்போகிறவன் நான். என் துணிகளிலேயே சிறந்த ஜோடி என்று நான் மதித்தது சாம்பல் நிறச் சட்டையும் கருநீலப் பேன்ட்டும். அதைப் போட்டுக்கொண்டு போனேன். ரயிலில் வழக்கம்போல் நின்றேன்.

லேப்டாப்பைக் கூட்ட அறையில் வைத்துவிட்டு, வீட்டிலிருந்து வந்த போனை எடுப்பதற்காக வராந்தாவுக்கு வந்தேன். பேசி முடித்து போனைப் பையில் வைத்தபோது, விருந்தினர்கள் படியேறி வந்தார்கள். முன்னால் வந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர்தான் அந்த அதிகாரி.

"அண்ணா, உள்ள நாலு டீ கொடுத்திடுங்க. ஒண்ணுல சக்கரை வேண்டாம்."

மரியாதையாகத்தான் சொன்னார். இல்லைங்க மேடம், நான் பிளானிங் என்று சொல்ல வாய் திறந்தேன். ஆனால் இத்தனை வருடம் யூனிபார்மில் இருந்த வாய் அது. யாராவது ஏதாவது கேட்டால் அதிலிருந்து ஒரே ஒரு பதில்தான் வரும்.

"சரிங்க மேடம்."

அவர்கள் உள்ளே போய்விட்டார்கள். சரி, கேன்டீனில் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று இறங்கினேன். கதவைத் தள்ளியதும் சலூனுக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான் நின்றுகொண்டிருந்தேன். கேன்டீன் கான்ட்ராக்ட் கைமாறியது எனக்குத் தெரியும். புதியவர் தன் ஆட்களுக்கு அன்று முதல் புதிய உடுப்பு கொடுத்திருந்தது தெரியாது. சாம்பல் நிறச் சட்டை. கருநீலப் பேன்ட்.

திகைத்து நின்ற என்னைப் பார்த்து, கல்லா அருகே நின்றிருந்த புது சூப்பர்வைசர் கத்தினார்.

"யோவ், எங்க சுத்திக்கினு வர? தொப்பி இன்னா ஆச்சு?"

"நான் பிளானிங்கு…"

"பிளானிங்குல டீ கேட்டாங்களா?"

"ஆமா, நாலு. ஒண்ணுல சக்கரை…"

"அத சொல்றதுக்கு இன்னா இவ்ளோ இழுவ? எட்துக்கினு போ. மொதல்ல தொப்பிய மாட்டு."

அவரே ஒரு வலைத்தொப்பியை என் தலையில் மாட்டிவிட்டார். தட்டைக் கையில் கொடுத்தார். விளக்கம் சொல்ல நேரமில்லை. பத்து அடி தூரத்தில் நிஜமான ஆட்கள் வேலையாக ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களை விட உயர்ந்தவன் என்று அந்த இடத்தில் நின்று வாதாடுவது எனக்குக் கூச்சமாக இருந்தது. தட்டோடு மாடி ஏறினேன்.

கூட்ட அறைக் கதவை முழங்கையால் திறந்து உள்ளே நுழைந்த அதே நொடியில் மேலாளர், "இதோ, வந்துட்டாரே! இவர்தான் எங்க பிளானிங் இன்சார்ஜ்" என்று கையை நீட்டினார்.

நான் தட்டை மேசையில் வைத்தேன். ஓசூர் அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "ஐயோ சார், நான் தெரியாம…" என்று எழுந்தே விட்டார்.

"பரவாயில்லைங்க மேடம். சக்கரை இல்லாதது இது" என்று ஒரு டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன்.

பிறகு திரைக்கு முன்னால் போய் நின்று பேச ஆரம்பித்தேன். நன்றாகவே பேசினேன். அவர்கள் கேள்வியே கேட்கவில்லை. எல்லோரும் என் நெற்றிக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவனமாகக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கூட்டம் முடிந்து முகம் கழுவப் போனபோதுதான் கண்ணாடியில் அந்த வலைத்தொப்பியைப் பார்த்தேன். கழற்ற மறந்திருக்கிறேன். சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

அவர்களை வழியனுப்பிவிட்டு மேலாளர் என் இடத்துக்கு வந்தார். ஆர்டர் கிடைத்துவிட்டது என்றார். போகும்போது தயங்கி நின்று, "சார், நாளையிலேர்ந்து வேற கலர் போட்டுக்கிட்டு வாங்களேன், ப்ளீஸ்" என்றார். எங்கே போவேன்? என் பீரோவில் எதை எதோடு சேர்த்தாலும் பொருந்தும். எல்லாம் கேன்டீனோடும் பொருந்தின.

வீட்டில் சொன்னதும் மனைவி கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுப் பிறகு சேர்ந்துகொண்டேன். சிரிப்பு அடங்கிய பிறகு கேட்டாள்:

"சரி மாமா, உனுக்கு இன்னா கலருதான் புடிக்கும்?"

"எனுக்கா?"

"வேற யாருக்கு?"

நான் யோசித்தேன். சாம்பல் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். அது அந்த வீடியோ பையனுக்குப் பிடித்தது. நீலம் கம்பெனியுடையது. மெரூன் யாரோ கல்யாணத்தில் கொடுத்தது. எனக்கென்று ஒன்றும் அகப்படவில்லை. அவள் விளையாட்டாகக் கேட்ட கேள்விக்கு நான் இவ்வளவு நேரம் விழிப்பதைப் பார்த்து அவளே அடங்கிப்போனாள்.

என் மனைவியும் தொழிற்பேட்டையில்தான் வேலை செய்கிறாள், மாத்திரை அட்டை பேக்கிங்கில். உள்ளே நுழைந்ததும் கழுத்திலிருந்து கால் வரை வெள்ளைக் கோட்டு மாட்டிவிடுவார்கள். ஆனால் தினமும் காலையில் பீரோ முன்னால் நின்று இரண்டு மூன்று புடவையை எடுத்துப் பார்த்துத்தான் ஒன்றைக் கட்டுவாள். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீ ஏன் அவ்ளோ பாத்து கட்ற? கோட்டுக்கு உள்ளதான போவுது. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனுக்குத் தெரியும்ல" என்றாள். சொல்லிவிட்டுச் சாதம் வடிக்கப் போய்விட்டாள்.

அந்த வாரக் கடைசியில் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு சின்னக் கடைக்குப் போனோம். கடைக்காரர் வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டார்: "இன்னா கலரு சார் காட்ட?" தெரியவில்லை என்றேன். ஒருவேளை இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லையோ என்னவோ, அவர் அலமாரியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக் கொட்டிவிட்டார். மனைவி எனக்காக ஒன்றையும் எடுக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொன்றாக விரித்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, திரும்ப வைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. கடைக்காரரின் பொறுமை தீரும் நேரத்தில் கையில் ஒரு கட்டம் போட்ட சட்டை வந்தது. கத்தரிப்பூ நிறத்தில் பெரிய கட்டங்கள், நடுவே மஞ்சள் கோடு. அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். மறுபடி அதையே எடுத்தேன்.

"இதுவா?" என்றாள் மனைவி.

"நல்லா இல்லையா?"

"நான் ஒண்ணும் சொல்லல. நீ சொல்லு."

"எனுக்குப் புடிச்சிருக்கு" என்றேன். கடைக்காரர் எங்கே மனம் மாறிவிடப் போகிறேனோ என்று அவசரமாகப் பையில் போட்டார்.

திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டு ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் நின்றேன். சட்டையின் முன்பக்கத்தை அடிக்கடி குனிந்து பார்த்துக்கொண்டேன். ரயில் வரும் நேரம், படியிறங்கி ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். தோளில் சாப்பாட்டுப் பை. அவர் போட்டிருந்ததும் கத்தரிப்பூ நிறத்தில் பெரிய கட்டங்கள், நடுவே மஞ்சள் கோடு. என் சட்டையைப் பார்த்தார். நானும் அவர் சட்டையைப் பார்த்தேன். அவர் லேசாகத் தலையசைத்துவிட்டு, ஒரு பெட்டி தள்ளி நிற்பதற்காகப் பிளாட்பாரத்தில் நடந்து போனார்.

பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருக்கு அது நன்றாகத்தான் இருந்தது.